கடப்பா கல்லில் பீட்சா சுடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், மொட்டைமாடியில் கரி அடுப்பு வைத்து பீட்சா சுடுவது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. மாவு புளிக்க வைப்பது, தக்காளி சாஸ் காய்ச்சுவது எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு சின்னப் பெட்டி. அடுப்பில் சூடாக்கி மேலே பீட்சாவை வைத்துச் சுடுகிற பீட்சா கல் விலை அதிகம் என்று நினைப்பவர்கள், வீடு கட்டியபோது மீந்த கிரானைட் துண்டையோ கடப்பா கல்லையோ அடுப்பின் மேல் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தவன்தான், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறையில் 31 வருஷம் ஃபர்னஸ் ஓரத்தில் நின்று வெந்தவன். இப்போது ராயபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். கல்லும் நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரிந்தும் நானே ஒரு கல்லை உடைத்த கதை இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் கடப்பா கல். அது சுண்ணாம்புக் கல் வகை. உடைந்த துண்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், அப்பளத்தை அடுக்கி வைத்த மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். நம் வடசென்னை பழைய வீடுகளில் சமையல் மேடை, பரண், துணி துவைக்கிற மேடை எல்லாம் இந்தக் கல்தான். இருபது வருஷம் தண்ணீரில் ஊறிய கல்லின் அடுக்குகளுக்கு நடுவே எவ்வளவு ஈரம் உட்கார்ந்திருக்கும்! கீழே தணல் கனன்றதும் அந்த ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், வழி இல்லை என்றால் கல்லைப் பிளந்துகொண்டு வரும். சில்லு தெறிக்கும். அடுப்பைச் சுற்றி நின்று எட்டிப் பார்க்கிற பிள்ளைகளின் முகம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும், அதுதான் எனக்குப் பயம்.

கிரானைட் சங்கதி வேறு. பார்க்க ஒரே கல், உள்ளே மூன்று நான்கு வகைக் கனிமங்கள் ஒட்டிக் கிடக்கின்றன. குவார்ட்ஸ் ஒரு அளவு விரியும், அதன் பக்கத்தில் இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் வேறு அளவு விரியும். சூடேறச் சூடேற ஒன்றை ஒன்று நெம்பித் தள்ளும். போதாக்குறைக்கு குவார்ட்ஸ் 573 டிகிரியைத் தொட்டதும் அதன் உள்கட்டமைப்பே மாறி சட்டென்று பெருத்துவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வார்ப்புக்கு அச்சு செய்கிற மோல்டிங் மணலே குவார்ட்ஸ்தானே, அது விரிந்ததால் வீணாய்ப்போன வார்ப்புகளை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். பீட்சாவுக்கு 573 தேவையில்லை, ஆனால் தணலுக்கு நேர் மேலே கல்லின் அடிப்பக்கம் அந்தச் சூட்டைத் தொடாது என்று யார் உத்தரவாதம் தருவது? இதோடு, கடையில் பளபளவென்று வருகிற கிரானைட் பலகைகளில் பலவற்றுக்குக் கீறலை மூட ரெசின் என்கிற செயற்கைப் பிசினைப் பூசியிருப்பார்கள். அது காய்ந்து கருகுகிற இடத்தில் சாப்பிடுகிற மாவை வைக்கலாமா? மார்பிளும் வேண்டாம். சப்பாத்தி தேய்க்க அருமையான கல், நெருப்புக்கு லாயக்கில்லை, நான்கு தடவை சூடாகி ஆறினாலே உள்ளே பிடிப்பு விட்டுப்போகும்.

சரி, என் கதை. பேரனுக்குப் பிறந்தநாள், தாத்தா கையால் பீட்சா வேண்டும் என்றான். மூடி போட்ட வட்டமான கரி கிரில் மகன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். கல் மட்டும் ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு நான் வரவழைத்தேன். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் "1000 டிகிரி வரை தாங்கும்" என்று இருந்தது. என்ன பொருளால் செய்தது என்று எங்கும் இல்லை, எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட உள்ளே இல்லை. அன்றைக்கு சாயங்காலம் கடல் காற்று நன்றாக வீசியது, சவுக்குக் கரி பத்தே நிமிஷத்தில் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அவசரத்தில், ஏசி அறையில் இருந்த கல்லைக் கொண்டுவந்து நேராக அந்தத் தணல் மேல் வைத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்துப் பீட்சாவைத் தள்ளினேன். மூடியைப் போட்டு இரண்டு நிமிஷம் இருக்காது, டப் என்று ஒரு சத்தம், கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று "என்ன சார், பட்டாசா?" என்று கேட்கிறார். திறந்து பார்த்தால் கல் மூன்று துண்டு, நடுவில் சீஸ் ஒழுகித் தணலில் எரிகிறது, மேலே வைத்த குடைமிளகாய் கரிக்குள் கிடக்கிறது. அன்றைக்கு எல்லோரும் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

இதில் வெட்கம் என்னவென்றால், பட்டறையில் புதிதாக உள்பூச்சு போட்ட லேடிலை, அதாவது உருகிய உலோகத்தை ஏந்தி ஊற்றுகிற வாளியை, மெதுவாகக் காயவைக்காமல் உருக்கு ஊற்றப் போன பையன்களை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஈரமும் திடீர்ச் சூடும்தான் எமன் என்று அவர்களுக்குப் பாடம் எடுத்தவன், பேரன் முன்னால் அதே தப்பைச் செய்தேன். என் தப்பு என் தப்புதான். ஆனால் ஆறிய பிறகு உடைந்த துண்டை எடுத்து விளிம்பைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. அது சிமெண்டில் கலந்து வார்த்த தட்டு என்றுதான் எனக்குப் பட்டது. சாதா சிமெண்ட் 400 டிகிரியைத் தாண்டினால் அதற்குள் கட்டுண்ட நீர் பிரிந்துபோய்ப் பொடிய ஆரம்பிக்கும். இதற்கு ஆயிரம் டிகிரி என்று அச்சடிக்க எப்படி மனம் வந்ததோ. விற்றவரிடம் கேட்டதற்கு, பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. பயன்படுத்தாமல் எப்படி உடையும் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அதனால் வாசகர்களுக்கு நான் சொல்வது, எத்தனை டிகிரி தாங்கும் என்கிற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தச் சூட்டுக்கு மெல்ல மெல்ல ஏற்றினால் தாங்குகிற கல் நிறைய உண்டு. சட்டென்று ஏறி, சட்டென்று குளிர்ந்த மாவு மேலே விழுந்து, மறுபடி ஏறுகிற அந்த அடியைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே வழி, என்ன பொருள் என்று கேட்பது. "கார்டியரைட்" என்று சொன்னால் நம்பி வாங்கலாம். மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கா சேர்ந்த ஒரு பீங்கான் வகை அது, சூடானாலும் மிகக் கொஞ்சமாகத்தான் விரியும், அதனால்தான் பீங்கான் சுடுகிற சூளைகளில் பாத்திரங்களை அடுக்குகிற பலகைகளை அதில் செய்கிறார்கள். கார் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்ய ஒரு தேன்கூடு மாதிரி பாகம் வைக்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் இதே பொருள்தான். எஞ்சினை முறுக்கியதும் அனல், மழைத் தண்ணீரில் போனால் குளிர், இரண்டையும் வருஷக்கணக்கில் தாங்கும். பழுப்பு கலந்த வெளிர் நிறத்தில், தொட்டால் லேசாக மணல் தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். வழவழவென்று மின்னினால் மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள், அது எனக்கு வேண்டாம், மாவின் ஈரத்தைக் கல் உறிஞ்சினால்தான் அடிப்பக்கம் மொறுமொறுவென்று வரும்.

கனம் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் ஒரு பீட்சா வைத்ததும் சூடு இறங்கிவிடும், இரண்டாவது பீட்சா வெளிறி வரும். இரண்டு சென்டிமீட்டர் இன்னும் நல்லது, ஆனால் சூடேற நேரமும் கரியும் கூட ஆகும். அகலம் கிரில்லைவிடச் சிறியதாக, சுற்றிலும் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுகிற மாதிரி வாங்குங்கள். அந்த இடைவெளியில்தான் அனல் மேலேறி மூடியில் பட்டுத் திரும்பி பீட்சாவின் தலையில் இறங்கும். கிரில் முழுக்க அடைக்கிற கல்லை வாங்கினால் அடி கருகும், சீஸ் உருகாது.

கையில் வாங்கினால், பானை வாங்குகிற மாதிரி தட்டிப் பாருங்கள். கல்லை நான்கு விரல் நுனியில் ஏந்தி மற்ற கையின் விரல் முட்டியால் தட்டினால் கணீர் என்று வர வேண்டும். டொக் என்று வந்தால் உள்ளே எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆன்லைனில் வந்தாலும் பிரித்ததும் முதல் வேலை இதுதான், சூடேற்றிய பிறகு திருப்பி எடுக்க மாட்டார்கள், அனுபவஸ்தன் சொல்கிறேன்.

என் மருமகள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, இத்தனை பாடு எதுக்கு, தோசைக்கல்லுலயே போட்டா என்னா?" நியாயமான கேள்வி. நாம் கல் என்று சொல்கிற தோசைக்கல்லும் பரோட்டாக் கல்லும் இரும்புதானே. இரும்பு பீங்கான் கல்லைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். தோசை ஒரே பக்கம் வேகிற பண்டம், மேலே ஆவியிலேயே வெந்துவிடும், அதற்கு இரும்பு பிரமாதம். பீட்சாவுக்கு அடியும் மேலும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். கீழே தணல் இருக்கிற கிரில்லில் இரும்பை வைத்தால் மேலே வெங்காயம் வாடுவதற்குள் அடி அட்டைக்கரி. மேலிருந்தும் கம்பி எரிகிற மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கனத்த இரும்புத் தகடு போடலாம், அங்கே அது நன்றாகவே வேலை செய்யும். கிரில்லுக்குச் சோம்பேறியாகச் சூட்டைக் கொடுக்கிற கல்தான் சரி. பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலியின் நேபிள்ஸ்காரர்கள் 380-லிருந்து 430 டிகிரி வரை சூடான அடுப்புத் தளத்தில் 60 முதல் 90 நொடிக்குள் பீட்சாவை எடுக்கிறார்கள், அங்கேயும் பேர்போன அடுப்புகளின் தளம் சோரெண்டோ பக்கத்துக் களிமண்ணில் சுட்ட ஓடுதான்.

களிமண் என்றதும் குயவர்கள் இருக்கிற கொசப்பேட்டை ஞாபகம் வந்து ஒரு நாள் போனேன். நவராத்திரி சமயம், தெரு முழுக்க கொலு பொம்மை. பெரியவர் ஒருவரிடம் அரை அங்குலக் கனத்தில் ஒரு தட்டு வேண்டும், மேலே எதுவும் பூசக் கூடாது என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டு, "பண்ணித் தரேன், ஆனா கரி மேல நேரா வெச்சா நான் பொறுப்பில்ல" என்றார். எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது. 1000 டிகிரி என்று அச்சடித்தவரைவிட இவர் நேர்மையானவர். அந்தத் தட்டை வாங்கி வந்து, தணலை ஓரத்துக்குத் தள்ளி, மிதமான சூட்டில் வைத்து ஏழெட்டு தடவை சுட்டேன், நன்றாகவே வந்தது. அப்புறம் ஒரு நாள் ஓரத்தில் கீறல் விட்டது, இப்போது துளசிச் செடிக்கு அடியில் இருக்கிறது. குறைந்த செலவில் ஆரம்பிப்பவர்களுக்கு இது ஒரு வழி. கலர் மினுமினுப்பு பூசிய தட்டு மட்டும் கூடாது, பூச்சில் ஈயம் இருந்தால் நமக்குத் தெரியவும் தெரியாது.

ஃபயர் பிரிக், அதாவது உலைக்குள் அடுக்குகிற சூடு தாங்கும் செங்கல், வைக்கலாமா என்று என் பழைய பட்டறை நண்பர்கள் கேட்கிறார்கள். புதுசாக இருந்தால் வைக்கலாம். ஐ.எஸ். 8 என்கிற இந்தியத் தர எண் பொறித்த சாதாரண கனச் செங்கல் போதும். ஒன்று நான்கு கிலோ இருக்கும், படுக்கையாக ஆறு செங்கல் அடுக்கினால் ஒரு பீட்சாவுக்குத் தளம் கிடைக்கும், ஆனால் 24 கிலோவைத் தாங்குகிற கால் உங்கள் கிரில்லுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குலக் கனம் சூடேற ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். மாடியில் நிரந்தரமாக அடுப்பு கட்டுகிறவர்களுக்கு இது சரி, மற்றவர்களுக்கு வீண் சுமை. கையில் தூக்கினால் ரொட்டி மாதிரி லேசாக இருக்கிற செங்கல் வேறு வகை, அது சூட்டைத் தடுக்க மட்டும்தான், பிடித்து வைக்காது, தூளும் உதிரும்.

பழசு மட்டும் வேண்டவே வேண்டாம். இதை எழுதுகிறபோது கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். எண்ணூர், மணலி, அம்பத்தூர் எல்லாம் தொழிற்சாலை இருக்கிற ஊர், பிரித்துப் போட்ட உலைச் செங்கல் காயலான் கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். அது எந்த உலையில் இருந்தது, ஈயம் உருக்கியதா, வேறு என்ன உருக்கியதா, யாருக்கும் தெரியாது. குரோமியம் கலந்த செங்கல் வகை ஒன்று உண்டு, உலையில் கிடந்து வந்த பிறகு அதில் இருக்கிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்குகிற வடிவத்துக்கு மாறியிருக்கலாம். பார்க்க எல்லாம் செங்கல்தான், நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அடுப்புக்கு அடியில் போடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம்தான் எழுத வேண்டும்.

இப்போது என்னிடம் இருப்பது 35 சென்டிமீட்டர் வட்ட கார்டியரைட் கல், மூன்று கிலோ இருக்கும். கரி பற்ற வைப்பதற்கு முன்பே கல்லை கிரில்லில் வைத்துவிடுவேன், இரண்டும் சேர்ந்தே சூடேறட்டும். தணல் நடுவில் கிடையாது, ஓரமாக வட்டமாக. கல்லுக்கு அடியில் இரண்டு செங்கல் துண்டு கொடுத்து மூடிக்குப் பக்கமாக உயர்த்தியிருக்கிறேன், அதற்கு அப்புறம்தான் சீஸ் ஒழுங்காக உருக ஆரம்பித்தது. மூடி போட்டு 40 நிமிஷம். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அந்தத் துப்பாக்கியைப் பேரன் கொண்டுவந்து காட்டினான், அது காய்ச்சல் பார்க்கிற கருவி, இந்தச் சூட்டைப் படிக்காது. ரிச்சி தெருவில் தொழிற்சாலைக்கான சூடு பார்க்கிற துப்பாக்கி கிடைக்கிறது, அதில் பார்த்து 300 டிகிரி வந்ததும் போடுகிறேன். கருவி இல்லையென்றால் ஒரு சிட்டிகை மைதாவைத் தூவுங்கள், உடனே கருத்துப் புகைந்தால் மூடியைத் திறந்து கொஞ்சம் ஆற விடுங்கள், மெல்லச் சிவந்து வந்தால் பீட்சாவைத் தள்ளலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை அப்படியே போடாதீர்கள், அரை மணி நேரம் வெளியே வைத்தால் மாவுக்கும் நல்லது, கல்லுக்கும் நல்லது. பலகையில் ரவை தூவிக்கொண்டால் ஒட்டாமல் சறுக்கும்.

கல்லைக் கழுவாதீர்கள். மருமகள் ஒரு தடவை நல்ல எண்ணத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள், அடுத்த இரண்டு பீட்சாவும் எலுமிச்சை சோப்பு வாசனை. ஆறிய பிறகு தோசை திருப்பியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் தீர்ந்தது. கறை படிந்து கன்னங்கரேலென்று ஆகும், ஆகட்டும், தோசைக்கல் கறுத்தால் வருத்தப்படுகிறோமா என்ன? எங்கள் ஊர் ஐப்பசி கார்த்திகை மழையில் மாடியில் விட்டுவிட்டால் மட்டும் அது தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், அன்றைக்கே சுடாதீர்கள், இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அப்புறம் நான்கைந்து கரித்துண்டு மட்டும் போட்டு ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்த பிறகு முழு நெருப்புக்குப் போங்கள்.

இவ்வளவு நீளமான கடிதத்தை நீங்கள் வெட்டித்தான் போடுவீர்கள், போடுங்கள், என் கதையை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை. கடப்பா கல் பற்றிய திருத்தத்தை மட்டும் இந்த ஞாயிற்றுக்குள் போட்டுவிடுங்கள். எங்கள் எதிர்வீட்டில் சமையலறை மேடையை இடித்துப் புதுசு போடுகிறார்கள், பழைய கடப்பா பலகையில் ஒரு துண்டு ஏற்கெனவே மாடிக்குப் போய்விட்டது. நான் போய்ச் சொன்னேன். பேப்பரில் போட்டிருக்கிறதே சார் என்று உங்கள் இணைப்பிதழைத்தான் எடுத்துக் காட்டினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்ப்புப் பட்டறைத் தொழிலாளி,
ராயபுரம், சென்னை-13